முள்ளந்தண்டில் பக்டீரியாத் தொற்றா? விரைவு மூலக்கூறுச் சோதனைக்கு மலையகத்துக்கான முழுமையான வழிகாட்டி

கிருமியின் டிஎன்ஏயைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட் இயந்திரத்தில், மாதிரி விட்ட கார்ட்ரிஜை (சிறு சோதனைக் கூடு) வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் விடை வந்துவிடும். முதுகுவலியோடு வந்தவருக்குக் காசநோய்க் கிருமி இருக்கிறதா, இருந்தால் அது ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா என்பது வரை ஒரே ஓட்டத்தில் தெரியும். ஆனால் முள்ளந்தண்டுத் தொற்றில் விடை தொலைவது பெரும்பாலும் இயந்திரத்துக்குள் அல்ல. ஃபோர்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போட்ட திசு, அன்டிபயோட்டிக் தொடங்கிய பிறகு எடுத்த சீழ், சீட்டோடு பெயர் பொருந்தாத போத்தல் என்று அதற்கு முன்பே தொலைந்துவிடுகிறது.

சளிச் சோதனை பிழைத்தால் மறுநாள் காலை இன்னொரு தடவை துப்பச் சொல்லலாம். முள்ளெலும்புக்குள் ஊசி விட்டு எடுத்த மாதிரி அப்படியல்ல. மஸ்கெலியாவிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ கண்டிக்குப் போய்வந்த ஒருவரை அதே ஊசிக்காக மறுபடி அனுப்புவது எவ்வளவு கடினம் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். அதனால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இயந்திரத்துக்கு முன்னால் நடக்கவேண்டியவற்றைப் பற்றியது. தோட்ட வைத்திய உதவியாளர்கள், ஆதார வைத்தியசாலைகளின் இளம் வைத்தியர்கள், தாதியர், ஆய்வுகூடத்தார் ஆகியோருக்காக எழுதியது இது. நோயாளியின் குடும்பத்தார் வாசித்தால் எதைக் கேட்டு வாங்கவேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும். மருந்தின் அளவுகள் இதில் இல்லை. அது சிகிச்சை தரும் வைத்தியரின் பொறுப்பு.

யாரைச் சந்தேகிப்பது

கொழுந்துக் கூடையும் செங்குத்துப் பாதையும் சேர்ந்தால் முதுகுவலி இல்லாத ஆள் அரிது. இந்த நோய் ஒளிந்துகொள்வதும் அந்தக் கூட்டத்துக்குள்தான். வேலையால் வரும் தசைவலி படுத்தால் தணியும். தொற்றின் வலி படுத்தாலும் விடாது, நடுச்சாமத்தில் எழுப்பும், வாரம் போகப்போகக் கூடும்.

நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து அல்லது உட்காரவைத்து, முள்ளெலும்புகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். முதுகு முழுவதும் வலிக்கிறது என்றவர் ஒரே ஓர் இடத்தில் துடித்து விலகினால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை நீட்டிப் படுக்க முடியாமல் இடுப்பை மடக்கியே வைத்திருந்தால், முள்ளந்தண்டை ஒட்டி இறங்கும் சோவாஸ் தசையில் சீழ் கட்டியிருக்கலாம்.

காய்ச்சல் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். சீழ்பிடிக்கும் பக்டீரியாத் தொற்றிலேயே ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் காய்ச்சல் இருப்பதில்லை. காசநோயில் அது இன்னும் மந்தம்: மாதக்கணக்கான வலி, மெலிவு, இரவு வியர்வை, கடைசியில் முதுகில் ஒரு கூன். பெர்சிவல் பொட் என்ற ஆங்கிலேய அறுவைச் சிகிச்சையாளர் 1779இல் விவரித்தது இந்தக் கூனைத்தான். முள்ளந்தண்டுக் காசநோய் உள்ளவர்களில் பலருக்கு நெஞ்சு எக்ஸ்றே சுத்தமாகவே இருக்கும், இருமலும் இராது.

கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. வீட்டிலோ அதே லயத்திலோ யாருக்காவது காசநோய் இருந்ததா? நீரிழிவு உண்டா? அண்மையில் சிறுநீர்த் தொற்று, தோலில் கட்டி, டயலிசிஸ், முதுகில் அறுவைச் சிகிச்சை ஏதாவது? மாடு வளர்க்கிறாரா, கன்று போடும்போது கைகொடுத்தாரா, காய்ச்சாத பால் குடிப்பாரா? அப்படியென்றால் கால்நடைகளிடமிருந்து தொற்றும் புரூசெல்லா என்ற கிருமியை நினைக்கவேண்டும். நீரிழிவோடு வயல் சேற்றிலும் ஈரமண்ணிலும் வேலை செய்பவரென்றால் மெலியோய்டோசிஸ் என்ற பக்டீரியா நோய் நினைவுக்கு வரவேண்டும். அதன் கிருமி இலங்கை மண்ணில் உண்டு. இந்த இரண்டையும் சந்தேகித்தால் மாதிரிச் சீட்டில் கட்டாயம் எழுதுங்கள். ஆய்வுகூடத்தில் தட்டைத் திறப்பவரின் பாதுகாப்பு அந்த ஒரு வரியில் இருக்கிறது.

கால் பலவீனம், பிட்டத்தையும் தொடையிடுக்கையும் சுற்றி மரப்பு, சிறுநீர் அடைப்பு அல்லது கட்டுப்பாடின்றிப் போதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் கீழே சொல்லும் எந்தச் சோதனைக்கும் காத்திருக்கக் கூடாது. உடனே 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழைத்து, அறுவைச் சிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி அனுப்புங்கள்.

அன்டிபயோட்டிக்கைத் தொடுவதற்கு முன்

நாங்கள் எல்லாவற்றிலும் அதிகமாக வற்புறுத்துவது இதைத்தான். சந்தேகம் வந்துவிட்டது, நோயாளி நிலையாக இருக்கிறார், நரம்புக் குறைபாடு இல்லை, இரத்த அழுத்தம் விழவில்லை என்றால் மாதிரி எடுக்கும் வரை அன்டிபயோட்டிக் கொடுக்காதீர்கள். ஏற்கனவே குடித்துக்கொண்டிருப்பவரென்றால், பயொப்ஸிக்கு (ஊசியால் திசு மாதிரி எடுப்பது) முன் 1 முதல் 2 வாரம் நிறுத்திவைக்கலாமா என்று விசேட வைத்திய நிபுணர் தீர்மானிப்பார். செப்சிஸ் (தொற்று உடல் முழுவதையும் தாக்கும் ஆபத்து நிலை) அறிகுறி இருந்தால் கதை வேறு: இரத்தக் கல்ச்சர் (இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்த கையோடு மருந்து தொடங்கவேண்டும்.

இதில் சிப்ரோஃப்ளொக்சசினும் லீவோஃப்ளொக்சசினும் தனியாகச் சொல்லவேண்டியவை. சிறுநீர்த் தொற்றுக்கென்று ஒரு வாரம் கொடுக்கும் இந்த வகை மருந்து காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடக்கும். வலி கொஞ்சம் குறையும், நோயாளி தோட்டத்துக்குத் திரும்புவார், சில வாரத்தில் மறுபடி வருவார். அப்போது கிருமி குறைந்திருக்கும், எலும்பு மட்டும் மேலும் அரிக்கப்பட்டிருக்கும். காரணம் தெரியாத முதுகுவலிக்கு இந்த மருந்துகளைக் கொடுக்காமல் இருப்பதே தோட்ட டிஸ்பென்சரி செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி.

பயொப்ஸிக்கு அனுப்புமுன் கையில் இருக்கவேண்டியவை: சிஆர்பி, ஈஎஸ்ஆர் (இரண்டும் அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனைகள்), முழு இரத்த எண்ணிக்கை, சீனி, சிறுநீரகச் சோதனை, எச்ஐவி, நெஞ்சு எக்ஸ்றே. இருமல் இருந்தால் சளியையும் ஜீன்எக்ஸ்பேர்ட்டுக்கு அனுப்புங்கள்.

இரத்தக் கல்ச்சர் இரண்டு செட் எடுக்கவேண்டும், இரண்டும் வெவ்வேறு கையிலிருந்து. வளர்ந்தவருக்கு ஒரு போத்தலுக்கு 8 முதல் 10 மில்லிலீட்டர் இரத்தம். இரண்டு மில்லிலீட்டர் ஊற்றிவிட்டு "வளர்ச்சி இல்லை" என்ற அறிக்கையை நம்புவதில் பயனில்லை. அல்ககோலில் கலந்த குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைத்து, குறைந்தது 30 விநாடி தானாகக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு விரலால் தடவாதீர்கள். இந்தப் போத்தல்களைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

எம்ஆர்ஐயும் பொருத்தமாக இருந்து, இரத்தத்தில் சீழ்பிடிக்கும் பக்டீரியாவான ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் வளர்ந்தால் பல நேரம் ஊசியே தேவைப்படாது. அதனால்தான் இந்த எளிய சோதனையை எங்கும் தவிர்க்கக் கூடாது என்கிறோம்.

படம்

சாதாரண எக்ஸ்றே தொடக்கத்தில் ஏமாற்றும். சீழ்த்தொற்றில் மாற்றம் தெரிய 2 முதல் 4 வாரமாகும், காசநோயில் இன்னும் பிந்தும். எம்ஆர்ஐதான் வேண்டும், அதுவும் முழு முள்ளந்தண்டுக்கும். காசநோய் நடுவில் சில முள்ளெலும்புகளைத் தாண்டிப்போய் வேறோர் இடத்தில் உட்காரக் கூடியது. இடைவட்டு முதலிலேயே அழிந்து, இடுப்புப் பகுதியில், இரண்டு முள்ளெலும்பு மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் சீழ்பிடிக்கும் பக்டீரியாவின் பக்கம் சாயலாம். இடைவட்டு ஓரளவு தப்பி, நெஞ்சுப் பகுதியில், பல முள்ளெலும்புகளைத் தொட்டு, மெல்லிய சுவரோடு பெரிய சீழ்க்கட்டி இருந்தால் காசநோயின் பக்கம். இரண்டும் ஊகமே. படம் கிருமியின் பெயரைச் சொல்லாது.

ஊசிக்கு முந்திய நாள்

முதல் வேலை தொலைபேசி. பயொப்ஸி நடக்கும் வைத்தியசாலையின் நுண்ணுயிரியல் நிபுணரை அழைத்து மூன்று விடயம் கேளுங்கள். எந்தெந்த மூலக்கூறுச் சோதனை அங்கே உண்டு? மாதிரி எத்தனை மணிக்குள் வரவேண்டும்? வெள்ளிக்கிழமை மாலை வந்தால் யார் பொறுப்பெடுப்பார்கள்? காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பேர்ட்டை மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் வழியாக ஒழுங்கு செய்யலாம். மற்ற பக்டீரியாக்களுக்கான விரைவுப் பெனல்கள் (ஒரே ஓட்டத்தில் பல கிருமிகளைத் தேடும் சோதனைகள்) எல்லா இடத்திலும் இல்லை. இருக்கும் இடம் தெரிந்தால்தான் அதற்கென்று ஒரு துண்டை ஒதுக்க முடியும்.

இரத்தம் உறையும் தன்மையைப் பார்க்கவேண்டும்: பிளேட்லெட் 50,000க்கு மேல், ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு) 1.5க்கு மேற்படாமல். வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை எப்போது நிறுத்துவது என்று முன்பே பேசிவையுங்கள்.

அடுத்தது நோயாளியோடு பேசுவது. "முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகும்" என்ற பயம் லயங்களில் பரவலாக உண்டு. கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் இந்தப் பயத்தால்தான் போகிறார்கள். ஒப்புதல் படிவம் அவருக்குத் தெரியாத மொழியில் இருந்தால் தமிழ் தெரிந்த தாதியோ வைத்தியரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவேண்டும். கூட வந்த பிள்ளையிடம் அந்தப் பொறுப்பைத் தள்ளக் கூடாது. இப்படிச் சொல்லலாம்: "அம்மா, ஸ்கேன்ல பாத்துக்கிட்டேதான் ஊசிய விடுவாங்க. நரம்புல படுற ஆபத்து ரொம்ப கொறவு. மரக்க ஊசி மொதல்லயே போட்டுருவாங்க. இத எடுக்காம விட்டா உள்ள இருக்குறது என்ன கிருமின்னே தெரியாம மருந்து குடிக்கணும், அதுலதான் கால் போற ஆபத்து கூட."

பெயரில் தவறும் மாதிரிகள்

ஒரே தோட்டத்தின் மேல்பிரிவில் ஒரு ராமையா லெட்சுமி, கீழ்ப்பிரிவில் இன்னொரு ராமையா லெட்சுமி இருப்பது புதுமையல்ல. லெட்சுமி என்பதை ஆங்கில எழுத்தில் பல விதமாக எழுதலாம். படுக்கைத் தலைமாட்டுச் சீட்டில் ஒரு விதம், மாதிரிச் சீட்டில் வேறு விதம், போத்தலில் மூன்றாவது விதம் என்று இருந்தால் ஆய்வுகூடம் மாதிரியைத் திருப்பி அனுப்பும், அனுப்பவும் வேண்டும். அடையாள அட்டையில் உள்ள எழுத்தையே எல்லா இடத்திலும் பார்த்து எழுதுங்கள். கூடவே அடையாள அட்டை இலக்கம் அல்லது வார்ட் இலக்கம், பிறந்த திகதி, மாதிரி எடுத்த இடம் (உதாரணமாக "இடுப்பு 2–3 இடைவட்டு"), எடுத்த நேரம், கடைசியாக அன்டிபயோட்டிக் குடித்த நாள். ஒட்டுச்சீட்டை மூடியில் ஒட்டாதீர்கள், போத்தலின் உடலில் ஒட்டுங்கள். மூடி கழன்றால் அடையாளமும் கழன்றுவிடும்.

மாதிரி எடுக்கும் நேரம்

சிடி ஸ்கேனின் துணையோடு கதிரியல் நிபுணர் எடுப்பார். எலும்புக்குப் பொதுவாக 11 முதல் 14 கேஜ் அளவுள்ள உள்ளீடற்ற ஊசி. எடுப்பதற்கு முந்தியே மேசையில் கொள்கலன்களை வரிசையாக, பெயர் எழுதி, மூடி தளர்த்தி வைத்திருங்கள். திசு கைக்கு வந்த பிறகு போத்தல் தேடும்போதுதான் அருகில் நிற்கும் ஃபோர்மலின் போத்தலுக்குள் எல்லாம் போய்விடுகிறது.

ஃபோர்மலின் கிருமியைக் கொல்லும், டிஎன்ஏயைப் புரதத்தோடு பின்னிப் பிணைத்துவிடும். அதற்குள் விழுந்த துண்டை எடுத்துக் கழுவினாலும் கல்ச்சருக்கு உதவாது, ஜீன்எக்ஸ்பேர்ட்டுக்கும் பொருந்தாது. ஆகவே ஃபோர்மலின் போத்தலை மேசையின் அடுத்த முனையில் தனியாக வைத்து, கடைசித் துண்டுக்கு மட்டும் திறவுங்கள்.

எங்கிருந்து எடுப்பது என்பதில் முன்னுரிமை சீழுக்கு. சீழ்க்கட்டி இருந்தால் அதை ஊசியால் உறிஞ்சுங்கள், அதோடு கட்டியின் சுவரிலிருந்தும் ஒரு துண்டு எடுங்கள். காசநோய்க் கிருமி திரவத்தை விடச் சுவரில் அதிகம் இருக்கக் கூடும். சீழ் இல்லையென்றால் இடைவட்டும் முள்ளெலும்பின் தட்டும் சந்திக்கும் விளிம்பு. குறைந்தது மூன்று துண்டு, முடிந்தால் ஐந்து. பஞ்சுக்குச்சியில் தொட்டு அனுப்புவது வேண்டவே வேண்டாம். பஞ்சு கிருமியைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அளவும் போதாது. மரக்க வைக்கும் லிக்னோகெயினுக்கும் பக்டீரியாவை அடக்கும் தன்மை கொஞ்சம் உண்டு என்பதால், அந்த மருந்து தேங்கிய இடத்தில் உறிஞ்சிய முதல் துளிகளை மாதிரியில் சேர்க்காதீர்கள்.

பங்கீடு இப்படி இருக்கட்டும். முதல் துண்டும் சீழின் ஒரு பகுதியும், எதுவும் கலக்காத, திருகுமூடியுள்ள கிருமிநீக்கிய கொள்கலனில், ஜீன்எக்ஸ்பேர்ட்டுக்கும் காசநோய்க் கல்ச்சருக்கும். இரண்டாவது அதேபோன்ற இன்னொரு கொள்கலனில், சாதாரண கல்ச்சருக்கும் கிராம் சாயத்துக்கும் (பக்டீரியாவைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது). ஒட்சிசன் இன்றி வளரும் கிருமிகளையும் பார்க்கச் சொல்லி எழுதுங்கள். மூன்றாவது ஒரு சிறு குழாயில் உறையவைக்க, பின்னால் 16எஸ் சோதனை (பக்டீரியாவை அதன் மரபணுவால் அடையாளம் காண்பது) தேவைப்பட்டால் பயன்படும். கடைசி ஃபோர்மலினுக்கு. சீழ் தாராளமாக இருந்தால் கொஞ்சத்தை இரத்தக் கல்ச்சர் போத்தலிலும் விடலாம், ஆனால் அது மற்றவற்றுக்குப் பதிலாகாது.

துண்டு காயாமலிருக்க 0.5 முதல் 1 மில்லிலீட்டர் கிருமிநீக்கிய சேலைன் போதும். துண்டு மிதக்க மிதக்க ஊற்றினால் உள்ளே இருக்கும் சொற்பக் கிருமியையும் நீர்த்துப்போகச் செய்கிறீர்கள். கெடாமலிருக்க மருந்து சேர்த்த சேலைனோ ஊசி நீரோ பயன்படுத்தக் கூடாது.

கிடைத்தது ஒரே ஒரு மெல்லிய துண்டு என்றால் பிய்த்துப் பிரிக்க முயலாதீர்கள். முழுவதையும் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்து, அரைத்த பிறகு அங்கே பங்கிடச் சொல்லுங்கள்.

வழியில்

சாதாரண கல்ச்சருக்கான துண்டு அறை வெப்பநிலையில், 2 மணி நேரத்துக்குள் ஆய்வுகூடம் சேரவேண்டும். காசநோய் மாதிரி உடனே போகாவிட்டால் 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைத்து அனுப்பலாம். இரண்டையும் ஒரே ஐஸ் பெட்டிக்குள் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஐஸ் பெக் கொள்கலனை நேராகத் தொடாதபடி நடுவே துணியோ அட்டையோ வையுங்கள்.

மூன்று அடுக்குப் பொதி: இறுக மூடிய கொள்கலன், அதைச் சுற்றி உறிஞ்சும் தாளோடு பிளாஸ்திக் பை, வெளியே கெட்டியான பெட்டி. சீட்டு பைக்கு வெளியே இருக்கவேண்டும். கசிந்தால் நனைந்த சீட்டை யாராலும் வாசிக்க முடியாது. மழைக்காலத்தில் ஹட்டன் பாதையிலோ இறம்பொடைப் பக்கமோ மண்சரிவால் வாகனம் நிற்பது வழமை. ஆகவே காலையில் ஊசி, மதியத்துக்குள் மாதிரி கையில் என்று திட்டமிடுங்கள். நோயாளி எந்த வைத்தியசாலையில் ஊசி போட்டுக்கொள்கிறாரோ அங்கேயே சோதனையும் நடந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

ஆய்வுகூடத்தில்

ஜீன்எக்ஸ்பேர்ட்டில் ஓடும் எக்ஸ்பேர்ட் காசநோய்ச் சோதனையை உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் பரிந்துரைத்தது, அதன் புதிய வகையான அல்ட்ரா கார்ட்ரிஜை 2017இல். பழைய கார்ட்ரிஜ் கண்டுபிடிக்க ஒரு மில்லிலீட்டரில் நூற்றுக்கு மேற்பட்ட கிருமிகள் தேவைப்பட்டன, அல்ட்ராவுக்கு 16 அளவு போதும். கிருமி குறைவாக இருக்கும் எலும்புக்கு இது பெரிய வேறுபாடு. அல்ட்ரா இருந்தால் அதையே கேளுங்கள்.

திசுவை அரைக்கும்போது கிருமி காற்றில் கலக்கும். உயிரியல் பாதுகாப்புப் பேழைக்குள், என்95 முகக்கவசத்தோடு செய்யவேண்டும்.

1. கண்ணுக்குத் தெரியும் இரத்தக் கட்டியை அகற்றுங்கள். இரத்தத்தின் ஹீமோகுளோபின், டிஎன்ஏயைப் பெருக்கும் பிசிஆர் முறையைத் தடுக்கும்.

2. கிருமிநீக்கிய கத்திரியால் திசுவைப் பொடிப்பொடியாக வெட்டி, சுமார் 2 மில்லிலீட்டர் கிருமிநீக்கிய பொஸ்பேட் பஃபர் சேலைனோடு அரையுங்கள். எலும்புத் துண்டு முழுதாக அரையாது. சுற்றியுள்ள மென்திசு கரைந்து கலங்கினால் போதும்.

3. அதிலிருந்து 0.7 மில்லிலீட்டரை, கட்டியோ எலும்புப் பொடியோ வராமல், திருகுமூடிக் குழாயில் எடுங்கள். மிச்சத்தில் ஒரு பகுதி காசநோய்க் கல்ச்சருக்கு, ஒரு பகுதி குளிர்சாதனப் பெட்டியில் இருப்புக்கு. இந்த இருப்பு மிக முக்கியம். ஓட்டம் பிழைத்தால் கைகொடுப்பது அதுதான்.

4. கார்ட்ரிஜோடு வரும் மாதிரித் திரவம் 1.4 மில்லிலீட்டர் சேருங்கள், அதாவது மாதிரியைப்போல் இருமடங்கு. மூடி இறுக்கி 10 விநாடி பலமாகக் குலுக்குங்கள்.

5. அறை வெப்பநிலையில் 10 நிமிடம் வைத்து, மறுபடி 10 விநாடி குலுக்கி, இன்னும் 5 நிமிடம். இந்த 15 நிமிடத்தைக் குறைக்காதீர்கள். கலவை எளிதாக ஓடும் திரவமாக இருக்கவேண்டும். இன்னும் நூல்போல் இழுத்தால் உள்ளேயிருக்கும் நுண்குழாயை அடைக்கும்.

6. புதிய பிப்பெட்டால் 2 மில்லிலீட்டரை, குமிழி வராமல் மெதுவாகக் கார்ட்ரிஜில் விட்டு, மூடி, உடனே ஓடவிடுங்கள். இலக்கத்தைக் கார்ட்ரிஜின் பக்கவாட்டில் எழுதுங்கள், பார்கோட்டின் மேல் எழுதக் கூடாது.

இயந்திரம் 15 முதல் 30 பாகைக்குள் இருக்கும் அறையில் இயங்கவேண்டும். கொழும்பில் யோசிப்பது மேல் எல்லையைப் பற்றி. நுவரெலியாவில் கீழ் எல்லையைப் பற்றியும் யோசிக்கவேண்டும். சனவரிக் காலையில் பூட்டிக் கிடந்த அறை 15க்குக் கீழ் போயிருக்கும். சுவரில் ஒரு வெப்பமானி மாட்டி, அறை சூடேறிய பிறகே முதல் ஓட்டத்தைத் தொடங்குங்கள். இடிமின்னல் காலத்தில் மின் தடைப்பட்டால் ஓடிக்கொண்டிருந்த கார்ட்ரிஜ் வீண்தான், அதனால் யூபிஎஸ் இல்லாமல் இயக்கவேண்டாம். கார்ட்ரிஜ்களை 2 முதல் 28 பாகைக்குள் சேமிக்கவேண்டும்.

பிழை எண் 2008 வந்தால் உள்ளே அழுத்தம் கூடியிருக்கிறது, அதாவது மாதிரி தடித்துப்போயிருக்கிறது. இருப்பில் உள்ளதை இன்னும் நன்றாகக் கரைத்து ஓட்டுங்கள். "இன்வலிட்" என்று வந்தால் கார்ட்ரிஜுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு பக்டீரியாவையே இயந்திரத்தால் காண முடியவில்லை என்று பொருள். பெரும்பாலும் இரத்தம் போன்ற தடுப்புப்பொருள்தான் காரணம். இது "கிருமி இல்லை" என்பதல்ல. அறிக்கையில் அப்படி எழுதிவிடாதீர்கள்.

விடையை வாசிப்பது

"காசநோய்க் கிருமி உண்டு, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை" என்று வந்தால் அன்றைக்கே மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அறிவியுங்கள். சட்டப்படி அறிவிக்கவேண்டிய நோய் இது. அரச சேவையில் மருந்து இலவசம். இந்தக் கார்ட்ரிஜ் இன்னொரு முக்கிய காசநோய் மருந்தான ஐசோனியசிட்டைப் பற்றி எதுவும் சொல்லாது, ஆகவே கல்ச்சரைக் கைவிடக் கூடாது.

"ட்ரேஸ்" என்பது அல்ட்ராவில் மட்டும் வரும் விடை: கிருமியின் தடயம் உண்டு, மிகக் குறைவு. சளியில் இதைக் கண்டால் பழைய சிகிச்சையின் மிச்சமா என்று யோசிப்பார்கள். எலும்பு மாதிரியில் வந்தால் காசநோய் என்றே எடுத்துக்கொள்வது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ரிஃபாம்பிசின் எதிர்ப்புப் பற்றி ட்ரேஸ் சொல்லாது.

"எதிர்ப்பு உண்டு" என்று வந்தால் பதறவும் கூடாது, தாமதிக்கவும் கூடாது. இலங்கையில் மருந்தெதிர்ப்புக் காசநோய் குறைவு என்பதால் இருப்பிலிருந்து மறுபடி ஓட்டி, வெலிசறையிலுள்ள தேசிய காசநோய் உசாத்துணை ஆய்வுகூடத்தில் உறுதிசெய்வார்கள்.

"கிருமி காணப்படவில்லை" என்பதுதான் அதிகம் தவறாக வாசிக்கப்படும் விடை. எலும்பில் கிருமி குறைவு, அது இருக்கும் இடத்தை ஊசி தொடாமலும் போயிருக்கலாம். திசுநோயியலில் (திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பது) சீஸ்போல் நைந்த கிரனுலோமா (அழற்சிக் கணு) கண்டால், எக்ஸ்பேர்ட் இல்லையென்றாலும் காசநோய்ச் சிகிச்சை தொடங்க வைத்தியர் தீர்மானிக்கலாம். காசநோய்க் கல்ச்சருக்குத் திரவ ஊடகத்தில் 6 வாரம், திட ஊடகத்தில் 8 வாரம் வரை ஆகும்.

இன்னொன்று: பிசிஆர் உயிருள்ள கிருமிக்கும் செத்த கிருமிக்கும் வேறுபாடு பார்க்காது. சிகிச்சை வேலை செய்கிறதா என்று அறிய இதை மறுபடி செய்யாதீர்கள். முன்பு காசநோய்க்கு மருந்து குடித்தவரென்றால் சீட்டில் எழுதுங்கள்.

காசநோய் இல்லாத பக்டீரியாவுக்கு

இங்கே எந்த ஒரு சோதனையும் எல்லாவற்றையும் தராது. மிக நம்பகமான வழி, இரத்தக் கல்ச்சர் போத்தலில் வளர்ச்சி கண்டதும் அதிலிருந்து விரைவுச் சோதனை செய்வது. ஜீன்எக்ஸ்பேர்ட்டிலேயே ஓடும் ஒரு கார்ட்ரிஜ், ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் இருக்கிறதா, அது மெதிசிலினுக்கு அடங்காத வகையா என்று ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சொல்லும். பயோஃபயர் நிறுவனத்தின் பிசிஐடி2 பெனல் 43 இலக்குகளை அதே ஒரு மணி நேர அளவில் பார்க்கும்.

அதே நிறுவனத்தின் மூட்டுத்தொற்றுப் பெனல் 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 31 நுண்ணுயிர்களையும் சில எதிர்ப்பு மரபணுக்களையும் சுமார் ஒரு மணி நேரத்தில் பார்க்கும். ஆனால் அனுமதி மூட்டுத் திரவத்துக்கு மட்டுமே. முள்ளந்தண்டுச் சீழை அதில் ஓட்டுவதென்றால் அந்த ஆய்வுகூடம் தானே சரிபார்த்திருக்கவேண்டும். காசநோய், புரூசெல்லா, மெலியோய்டோசிஸ் கிருமிகள் அதன் பட்டியலில் இல்லை. உலோகம் வைத்து அறுவைச் சிகிச்சை செய்த முதுகில் அடிக்கடி வரும் ஸ்டஃபிலோகொக்கஸ் எபிடெர்மிடிஸும் கியூட்டிபக்டீரியம் அக்னெஸும்கூட இல்லை. ஆகவே பெனல் "எதுவுமில்லை" என்றால் பட்டியலில் உள்ளவை காணப்படவில்லை, அவ்வளவுதான். உலோகம் உள்ளவரின் கல்ச்சரை 14 நாள் வரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்டிபயோட்டிக் ஏற்கனவே ஏறிவிட்டது, கல்ச்சர் வளரவில்லை என்ற நிலையில் 16எஸ் மரபணுச் சோதனை கைகொடுக்கும். எந்த பக்டீரியாவின் டிஎன்ஏயையும் பெருக்கி, வரிசையைப் படித்துப் பெயரைச் சொல்லும். மணிக்கணக்கில் வரும் விடையல்ல, நாட்கணக்கு. தோலிலிருந்து ஒட்டிய கிருமியும் அதில் தெரியும். ஒரேயொரு மாதிரியில் தோல் பக்டீரியா மட்டும் வந்தால் அதை வைத்துச் சிகிச்சையைத் தீர்மானிக்காதீர்கள்.

மெலியோய்டோசிஸ் கிருமி தட்டில் சாதாரண சூடோமொனாஸ் போலத் தெரிந்து, கலப்படம் என்று ஒதுக்கப்படும் ஆபத்து உண்டு. ஜென்டாமைசினுக்கு அடங்காமல் கோ-அமொக்சிக்ளாவுக்கு அடங்கும் கிராம்-எதிர்க் கோல் (கோல் வடிவ பக்டீரியா) வளர்ந்தால் நுண்ணுயிரியல் நிபுணருக்கு அப்போதே சொல்லுங்கள். புரூசெல்லாவுக்கு இரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனையும் சேர்த்து அனுப்புங்கள்.

விடை வந்த பிறகு

கிராம் சாயம் அன்றே, ஜீன்எக்ஸ்பேர்ட் அன்றோ மறுநாளோ, சாதாரண கல்ச்சர் 2 முதல் 5 நாள், திசுநோயியல் ஒரு வாரம் அளவில், காசநோய்க் கல்ச்சர் இரண்டு மாதம் வரை. பிந்திய விடைகள் வரும்போது நோயாளி வார்ட்டில் இருக்கமாட்டார். வீட்டில் ஒரே தொலைபேசி, அதுவும் கொழும்பில் வேலை செய்யும் மகனிடம் இருக்கும். தோட்டத்து முகவரிக்குப் போடும் கடிதம் அலுவலகத்திலேயே தங்கிவிடலாம். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்: எந்த மாதிரி, எந்த ஆய்வுகூடம், எந்த இலக்கம், எந்தத் திகதியில் கேட்கவேண்டும், தோட்ட வைத்திய உதவியாளரின் தொலைபேசி இலக்கம். உதவியாளரிடம் ஒரு பிரதி இருக்கட்டும்.

குடும்பத்தார் கேட்டு வாங்கவேண்டியவை: ஊசி எடுத்த அன்றே "ஃபோர்மலின் இல்லாத போத்தலில் டீபிக்கும் கல்ச்சருக்கும் போட்டீர்களா?" என்ற கேள்விக்கு விடை, ஜீன்எக்ஸ்பேர்ட் அறிக்கையின் பிரதி, எம்ஆர்ஐ படத்தின் சீடி. வைத்தியசாலை மாறும்போது இவை கையில் இல்லாவிட்டால் எல்லாம் தலையிலிருந்து தொடங்கும்.

எல்லாச் சோதனையும் வெறுமையாக வந்து, சிஆர்பி இறங்காமல், வலியும் கூடினால் ஊகத்தில் மருந்தை மாற்றிக்கொண்டே போகாதீர்கள். இரண்டாவது ஊசி, அல்லது திறந்த அறுவைச் சிகிச்சையில் மாதிரி எடுப்பது பற்றி நிபுணரோடு பேசவேண்டிய நேரம் அதுதான். உறையவைத்த மூன்றாவது குழாயை அப்போது நினைவுபடுத்துங்கள். 16எஸ் சோதனைக்கு அதை அனுப்பிவிட்டு, விடை வரும் வரைக்குள் அடுத்த ஊசிக்கான நாளையும் குறித்துவிடலாம்.